ஒலிபெருக்கியின் வரலாறும் செப்பனிடும் கலையும்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்த அறிஞர்களின் பெயரோடு நின்றுவிடுகின்றனர். கருவிகள் பழுதுற்றபோது அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்த கைவினைஞர்களின் வரலாறு எழுதப்படாமலே போகின்றது. எனினும், ஒரு கருவி ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நிற்பது கண்டுபிடித்தவரின் அறிவால் மட்டுமன்று. பேணியவரின் கைத்திறத்தாலும் ஆகும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஒலிபெருக்கி மிகப் பொருத்தமான சான்றாகும்.

ஜொகூரில் எழுந்த முதல் ஒலி

மலாயாவின் வானொலி வரலாறு ஜொகூர் மண்ணில்தான் தொடங்குகின்றது. ஜொகூர் அரசின் மின்துறை அதிகாரியாக விளங்கிய ஏ. எல். பர்ச் என்பார் 1921ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு முதல் வானொலிக் கருவியைக் கொணர்ந்தார். பின்னர் அவர் ஜொகூர்க் கம்பியில்லாச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பையும் தொடங்கினார். அவரைப் பின்பற்றிக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின.

இதே காலத்தில் தமிழகத்திலும் இம்முயற்சி முளைத்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. கடற்கரையில் கூடிய மக்கள் ஒலிபெருக்கி வாயிலாக இசை கேட்டனர். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த தமிழர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இப்புதுமையைச் சந்தித்தனர் என்பது நோக்கத்தக்கது.

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் மலாயா வானொலி நிறுவப்பட்டது. ரப்பர் மரத்தோடு வாழ்வு பிணைந்திருந்த தோட்டப்புறத் தமிழர்க்குச் செய்தியும் பாடலும் நாடகமும் அதன் தமிழ் ஒலிபரப்பின் வழியே வந்தன. கோயில் திருவிழாக்களிலும் திறந்தவெளித் திரைப்படக் காட்சிகளிலும் ஒலிபெருக்கி இன்றியமையாத உறுப்பாயிற்று.

கண்டுபிடிப்பின் படிகள்

காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அச்சுருள் அசையும். இத்தத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட கருவிக்கு ஜெர்மானியரான சீமென்ஸ் 1874இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898இல் அதனை மேலும் வளர்த்தார். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் 1915இல் பெருங்கூட்டத்தினர் கேட்குமாறு ஒலியைப் பெருக்கிக் காட்டினர். எனினும், இன்று வீடுதோறும் காணப்படும் ஒலிபெருக்கிக்கு அடித்தளம் இட்டவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரே. 1925ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கிய அமைப்பு, சிற்சில மாற்றங்களோடு இன்றளவும் வழங்கி வருகின்றது.

அவ்வமைப்பு எளியதே. வட்ட வடிவக் காந்தத்தின் நடுவே, ஒரு மில்லிமீட்டர் அளவேயான குறுகிய இடைவெளிகளுக்கிடையில் ஒலிச்சுருள் தொங்குகின்றது. அச்சுருளோடு தாளாலான கூம்பு இணைக்கப்பட்டுள்ளது. கூம்பின் அடியை நெளிவுத் துணி வட்டு ஒன்று தாங்குகின்றது. விளிம்பை மென்மையான ஓரவளையம் தாங்குகின்றது. சுருள் அசையக் கூம்பு அசையும். கூம்பு அசையக் காற்று அதிரும். அவ்வதிர்வே செவியில் ஒலியாகின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கருவி உயர்தர இசைக்கருவியாக வளர்ந்தது. எட்கர் வில்ச்சர் 1954இல் முற்றிலும் மூடிய சிறு பெட்டியின் காற்றையே வில்போலப் பயன்படுத்தி ஆழ்ந்த ஒலியை எழுப்பும் முறையை நடைமுறைப்படுத்தினார். 1957இல் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம், நிலைமின்னாற்றலால் இயங்கும் மெல்லிய படலத்தைக் கொண்ட ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் பொறியியலார் உருவாக்கிய சிறிய எல்.எஸ். 3/5ஏ ஒலிபெருக்கி, மனிதக் குரலை உள்ளவாறே காட்டுவதில் பெரும்புகழ் பெற்றது. இத்தகையவற்றை இன்றும் தேடிப் பேணுவோர் பலர் உளர்.

பழுதின் காரணங்கள்

காந்தமும் இரும்புச் சட்டமும் எளிதில் அழிவதில்லை. அழிவன மென்மையான உறுப்புகளே. 1970களில் பல நிறுவனங்கள் ஓரவளையத்திற்குப் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தின. அது மென்மையும் குறைந்த எடையும் உடையது. ஆயினும் காற்றின் ஈரமும் உயிர்வாயுவும் ஒளியும் அதன் வேதிப் பிணைப்பைச் சிதைக்கின்றன. பத்து முதல் இருபது ஆண்டுகளில் அந்நுரை விரல் பட்ட அளவில் உதிர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஜொகூர் போன்ற நிலப்பகுதியில் இவ்வழிவு விரைந்து நிகழ்வது இயல்பே. ரப்பர் ஓரவளையம் கொண்டவை இதனினும் நெடுங்காலம் நிலைக்கின்றன.

அளவுக்கு மீறிய மின்னாற்றலால் ஒலிச்சுருள் கருகுதல், இணைப்பு இழை அறுதல், கூம்புத் தாள் கிழிதல், பூஞ்சை படர்தல் ஆகியன பிற பழுதுகளாம்.

செப்பனிடும் முறை

தேர்ந்த கைவினைஞர் முதலில் பழுதின் இடத்தை அறிகின்றார். இரு கைவிரல்களாலும் கூம்பைச் சீராக அழுத்தும்போது உரசல் ஒலி கேட்குமாயின், சுருள் இடம் பெயர்ந்தோ உருக்குலைந்தோ இருத்தல் வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையை அளக்கின்றார். 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி சுமார் 6 ஓம் காட்டுமாயின் சுருள் நலமுடன் உள்ளது எனலாம். அளவே காட்டாவிடில் சுருளோ இணைப்பு இழையோ அறுந்துள்ளது.

நுரை மட்டுமே சிதைந்திருப்பின் பழைய நுரையையும் பசையையும் பொறுமையுடன் சுரண்டி நீக்கிப் புதிய வளையத்தை ஒட்டுதல் போதும். இங்குதான் கைத்திறம் சோதிக்கப்படுகின்றது. சுருள் நடுவிடத்தினின்று சிறிது விலகினும் காந்தத்தில் உரசிக் கெடும். ஆகவே நடுமூடியை அகற்றிச் சுருளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி நிறுத்துவர்; பசை உலர்ந்த பின்னரே அவற்றை உருவி எடுப்பர். கூம்பின் சிறு கிழிசலை மெல்லிய தாளும் நீர்த்த பசையும் கொண்டு ஒட்டுவர். பசையை மிகுதியாகப் பூசினால் கூம்பின் எடை கூடும். எடை கூடினால் ஒலியின் இயல்பு மாறும். சுருள் கருகியிருப்பின், அதே பருமனுள்ள கம்பியை அதே சுற்றளவில் மீண்டும் சுற்றுதல் வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் ஒத்து ஒலித்தற்பொருட்டு இரண்டையும் ஒருங்கே செப்பனிடுதல் நன்று.

பேணுதலின் அறம்

மிருதங்கத்தின் பலாமரக் கட்டை தலைமுறைகள் கடந்து நிற்கும். தோலும் கரணையும் காலந்தோறும் மாற்றப்படும். அதனால் மிருதங்கம் வேறாகி விடுவதில்லை. ஒலிபெருக்கியின் காந்தமும் கூடும் கட்டையை ஒத்தவை. ஓரவளையமும் கூம்பும் தோலை ஒத்தவை. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றியோர், அவருக்கு மிருதங்கம் செய்தளித்த தஞ்சையின் பர்லாந்தை நெடுங்காலம் அறிந்திலர். 2020இல் டி. எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலே அக்கைவினைஞர் மரபைப் பலரும் அறியச் செய்தது.

பழைய ஏடுகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் நெறியும் இங்கே நினைக்கத்தக்கது. செல்லரித்த இடத்தில் தம் சொல்லைப் புகுத்தி நிரப்பாது, பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடியதே அவரது பெருமை. ஒலிபெருக்கியைச் செப்பனிடுவோர்க்கும் அந்நெறியே பொருந்தும். தமக்குப் பிடித்த ஓசையைப் புகுத்துவது அவர்தம் பணியன்று. அதனை ஆக்கியோர் கருதிய ஓசையை மீட்பதே பணியாகும்.

1970களுக்குப் பின் ஜொகூரின் பத்து பகாட் வட்டாரத்தில் ஜப்பானிய ஒலிச்சாதனத் தொழிற்சாலைகள் எழுந்தன. புதியன மலிந்தன, பழையன குப்பையில் வீழ்ந்தன. வானொலி பழுது பார்க்கும் சிறு கடைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அவற்றோடு, ஏட்டில் எழுதப்படாத ஓர் அறிவும் மறைந்து வருகின்றது. பள்ளி அறிவியற் கூடத்தில் பழுதுற்ற ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துக் காட்டினால், மின்காந்தம், அதிர்வு, வேதிச் சிதைவு ஆகிய மூன்று பாடங்களை மாணவர் ஒருங்கே கற்பர். உடைந்ததை எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கமும் அவர்க்கு உண்டாகும். அவர் கற்கும் நான்காம் பாடம் அதுவே.