விவரணப்படத்துக்குப் பேர் வைத்த பத்திரிகை விமர்சகர்

சினிமாவைப் பற்றி நம் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு, சண்டை, அழுகை எல்லாம் அத்துப்படி. ஆனால் பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னப் படம் ஓட்டுவார்களே, அந்த விவரணப்படத்தைப் பற்றிக் கேட்டால், "அட, அதுவா!" என்று கையை ஆட்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, விவரணப்படம் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் பெரியவர்கள் வெற்றிலை மடிப்பார்களாம். பிள்ளைகள் கச்சாங் பூத்தே வாங்க ஓடுவார்களாம். மூத்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

அந்த "அதுவா" படத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தேயிலைத் தோட்டத்துத் தமிழரும் அதில் வருகிறார்கள், ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த பட வேனும் வருகிறது. தொடங்கி வைத்தவர் ஒரு பத்திரிகை விமர்சகர். அதிலும் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூட மலரில் அவரைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

அவர் பெயர் ஜான் கிரியர்சன். 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். தாயாரும் ஆசிரியையாக இருந்தவர்தான். முதல் உலகப் போரில் கிரியர்சன் கடற்படையில் சேர்ந்து, கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்களில் வேலை பார்த்தார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து 1923-இல் பட்டம் பெற்றார். மறு வருடமே உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் நம் கவனத்துக்குரியது. பத்திரிகையும் சினிமாவும் சாதாரண ஜனங்களின் எண்ணத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போனார். சிகாகோ நகரத்தில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய இருந்தன. புது நாட்டின் சட்டதிட்டத்தை அவர்கள் பெரிய புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மலிவுப் பத்திரிகையின் தலைப்பும் படமும், வெள்ளித்திரையும்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். இதைப் பார்த்த மனிதர், பாடம் நடத்த இதைவிடப் பெரிய வகுப்பறை ஏது என்று எண்ணிவிட்டார். சினிமாவை ஒரு பிரசங்க மேடையாகவே நினைக்கிறேன் என்று பின்னால் வெளிப்படையாகவே எழுதினார். வாத்தியார் பிள்ளை வேறு எப்படி நினைப்பார்!

அமெரிக்காவில் இருந்தபோது பத்திரிகைகளுக்குச் சினிமா விமர்சனம் எழுதினார். 1926-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி 'நியூயார்க் சன்' பத்திரிகையில் 'மோவானா' என்ற படத்தைப் பற்றிப் புனைபெயரில் ஒரு விமர்சனம் எழுதினார். தென்கடலில் உள்ள சமோவாத் தீவில் ஒரு வாலிபனும் அவன் குடும்பத்தாரும் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டும் பேசாத படம் அது. எடுத்தவர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. 1922-இல் 'நானூக்' என்ற படத்தில் பனிப்பிரதேச எஸ்கிமோ குடும்பத்தைக் காட்டிப் பேர் வாங்கியவர். 'மோவானா'வுக்கு டாக்குமெண்டரி மதிப்பு, அதாவது ஒரு பத்திரம் போல் சாட்சி சொல்லும் மதிப்பு, உண்டு என்று கிரியர்சன் எழுதினார். ஏதோ போகிற போக்கில் எழுதியதுதான். படத்தின் அழகுதான் பெரிது, இந்த மதிப்பு இரண்டாவது என்பதே அவருடைய அன்றைய அபிப்பிராயம். பிரெஞ்சுக்காரர்கள் பயணப் படங்களுக்கு அதைப் போன்ற ஒரு சொல்லை முன்பே வைத்திருந்தார்கள். ஆனாலும் இந்தப் பத்திரிகைக் குறிப்பிலிருந்துதான் ஆங்கிலத்தில் அந்தப் பேர் நிலைத்தது என்று சினிமாச் சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

சாட்சி என்றாரே, அந்தச் சாட்சி முழுக்க உண்மை பேசியதா? அதுதான் இல்லை. ஃப்ளாஹர்ட்டி படமெடுக்கப் போனபோது அந்தத் தீவார் பலர் கடைத் துணி உடுத்தத் தொடங்கியிருந்தார்கள். படத்துக்காகப் பழைய மரப்பட்டைத் துணியை உடுத்தச் செய்தார். வழக்கம் ஒழிந்துகொண்டிருந்த பச்சை குத்தும் சடங்கை அந்த வாலிபன் படத்துக்காகவே வலி தாங்கிச் செய்துகொண்டான். நானூக்காக வந்தவருக்குத் துப்பாக்கி பழக்கம்தான், இருந்தும் படத்தில் ஈட்டியைக் கொடுத்து வேட்டையாட வைத்தார்கள். கண்ணால் பார்த்தோம் என்று நாம் நம்புகிற படத்திலும் ஒருவர் நின்றுகொண்டு "இப்படி உட்கார், அப்படித் திரும்பு" என்று சொல்லியிருக்கிறார். மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கிரியர்சனுக்கு ஃப்ளாஹர்ட்டியிடம் மரியாதை உண்டு. குறையும் உண்டு. உலகத்தின் கோடியில் மறைந்துபோகிற பழைய வாழ்க்கையைத் தேடி ஓடுகிறாரே, சொந்த ஊரில் மீன் பிடிக்கிறவன், கரி வெட்டுகிறவன், தபால் கட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்பது அவர் கேள்வி. விமர்சகராக அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழகான படம் எடுத்ததற்காக யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஹாலிவுட்டில் பெரும் புகழ் பெற்ற ஸ்டெர்ன்பர்க்கைக்கூட, டைரக்டர் செத்துப் போனால் போட்டோக்காரர் ஆகிவிடுவார் என்று கிண்டல் செய்தார்.

குறை சொன்னால் மட்டும் போதுமா? 1927-இல் ஊர் திரும்பியவர், லண்டனில் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற அரசாங்க அமைப்பில் சேர்ந்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துச் சரக்குகளை மக்கள் விரும்பி வாங்கும்படி விளம்பரம் செய்வது அதன் வேலை. அங்கே வட கடலில் ஹெரிங் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றி 'டிரிஃப்டர்ஸ்' என்ற படத்தைத் தாமே எடுத்தார். ஏன் ஹெரிங் மீன்? கருவூலத்தில் பணத்தை விடுவிக்க வேண்டிய அமைச்சர் அந்த மீனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருந்தார். அவர் மனம் குளிர்ந்தால் பணம் வரும் என்ற கணக்குதான். காரியக்காரர்! 1929-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி லண்டனில் ஒரு சினிமாச் சங்கத்தில் அந்தப் படம் காட்டப்பட்டது. கூடவே காட்டப்பட்டது, இங்கிலாந்தில் பொதுமக்களுக்குக் காட்டத் தடை செய்யப்பட்டிருந்த ரஷ்யப் படமான 'பொட்டம்கின்'. வலை இழுத்துக் கைகாய்த்த கூலிக்காரனைத் திரையில் கதாநாயகனாகக் காட்டியதைப் பார்த்துச் சபை கைதட்டியது. அதற்கு முன் பிரிட்டிஷ் படங்களில் தொழிலாளி என்றால் பெரும்பாலும் கோமாளி வேஷம்தான்.

இனி நம் பக்கம் வருவோம்.

1934-ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலை விளம்பர வாரியம் பணம் கொடுத்து, கிரியர்சன் தயாரிப்பாளராக இருந்து, அவருடைய சீடர் பாசில் ரைட் இலங்கைக்குப் போய் எடுத்த படம் 'சாங் ஆஃப் சிலோன்'. சுமார் 40 நிமிடம் ஓடும். 1935-இல் பிரஸ்ஸல்ஸ் பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. நாவலாசிரியர் கிரகாம் கிரீன் அப்போது ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார், அவரும் புகழ்ந்தார். உண்மையிலேயே அழகான படம். மலை ஏறும் புத்த பக்தர்கள், வயல், நடனம், துறைமுகம் எல்லாம் வருகின்றன. மூன்றாம் பகுதியில் வியாபாரத்தின் குரல்கள் கேட்கும். இன்ன சரக்கு இன்ன விலை என்று ஆங்கிலத்தில் யாரோ டெலிபோனில் சொல்லிக்கொண்டே போவார்கள். திரையில் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண்கள் யார்? இலங்கை மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பத்தார். நம் தாத்தா பாட்டிமார் எந்தக் கிராமங்களிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்து கப்பல் ஏறினார்களோ, அதே சீமைக்காரர்கள். அவர்கள் படத்தில் கூடையோடு வருகிறார்கள், போகிறார்கள். பெயர் இல்லை, கூலிக் கணக்கு இல்லை. படத்துக்கு விளக்கம் சொல்லும் குரல் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? கண்டி ராஜ்யத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி 1681-இல் வெளியான புத்தகத்திலிருந்து! லயனல் வெண்ட் என்ற இலங்கைக் கலைஞர் அதைக் கம்பீரமாகப் படிக்கிறார். ஆனால் இலங்கையில் தேயிலை பயிர்த்தொழிலானதே 1867-க்குப் பிறகுதான். நாக்ஸ் காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, பிரட்டுக்களமும் இல்லை. அந்தப் பெண்களைப் பற்றி அந்தக் குரலுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியே கிடையாது. காசு கொடுத்தது தேயிலை வாரியம். அது கூலியைப் பற்றிப் பேசச் சொல்லுமா? படம் வந்து 14 ஆண்டு கழித்து, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அந்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். பரிசு வாங்கிய படம் என்று பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான படம் ஒன்று மறு வருடமே வந்தது. 1935-இல் கிரியர்சனின் கூட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்த 'ஹௌசிங் பிராப்ளம்ஸ்'. கிழக்கு லண்டனில் ஸ்டெப்னி என்ற இடத்தில் இடிந்து விழுகிற வீடுகளில் ஏழைகள் குடியிருந்தார்கள். காமிராவையும் மைக்கையும் அந்தச் சின்ன அறைகளுக்குள்ளேயே கொண்டுபோய்க் குடியிருந்தவர்களையே பேச வைத்தார்கள். கூரை ஒழுகுவதையும் பூச்சித் தொல்லையையும் அவரவர் பேச்சிலேயே சொன்னார்கள். ஒரு அம்மா எலி வந்த கதையை நடித்தே காட்டிவிட்டார். பாடமாக்கிக் கொடுத்த வசனம் ஏதும் இல்லை. இந்தப் படத்துக்கும் காசு கொடுத்தது கேஸ் கம்பெனிக்காரர்கள்தான். புது வீடு கட்டினால் கேஸ் அடுப்பு விற்கும் என்பது அவர்கள் கணக்கு. இருந்தாலும் இங்கே ஜனங்கள் வாயைத் திறந்தார்கள்.

அவர்களைப் பேச வைத்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்கு. கிரியர்சனின் தங்கை ரூபி. வீடு வீடாகப் போய்ப் பழகி, காமிராவும் உங்களுடையது, மைக்கும் உங்களுடையது, மேலே இருக்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றாராம். அண்ணனையும் அவர் விடவில்லை. நீ ஜனங்களைக் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாய், அந்தத் தொட்டியை நான் உடைக்கப் போகிறேன் என்று நேருக்கு நேர் சொன்னவர். ஊரையெல்லாம் விமர்சித்தவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு விமர்சகர்! 1940-ஆம் ஆண்டு செப்டம்பரில், கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் படமெடுக்கப் போன கப்பல் குண்டுபட்டு மூழ்கியபோது ரூபி உயிர் நீத்தார்.

கிரியர்சன் 1939-இல் கனடாவுக்குப் போய் அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தின் முதல் ஆணையர் ஆனார். கொட்டகையே இல்லாத கிராமங்களுக்கு அந்த வாரியம் பட இயந்திரத்தோடு ஆள் அனுப்பியது. பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் படம் காட்டி, முடிந்தபிறகு ஊர்க்காரர்களைப் பேசச் சொன்னார்கள்.

லண்டனில் அவர் விட்டுப்போன படப் பிரிவு போர்க்காலத்தில் 'கிரௌன் ஃபிலிம் யூனிட்' என்று பெயர் மாறியது. போர் முடிந்ததும் அதன் ஆட்கள் மலாயாவுக்குப் படமெடுக்க வந்தார்கள். 1946-இல் கோலாலம்பூரில் மலாயாத் திரைப்படப் பிரிவு உருவானது. பின்னால் ஃபிலிம் நெகாரா என்று பேர் வாங்கியது அதுதான். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அரசாங்கத்தின் பட வேன்கள் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் போயின. சுகாதாரம், சேமிப்பு, பயங்கரவாதிகளுக்கு உதவாதே என்ற எச்சரிக்கை, எல்லாம் படமாக வந்தன. தமிழிலும் விளக்கக் குரல் உண்டு. ஆனால் அது மேலேயிருந்து நம் ஆட்களைப் பார்த்துப் பேசிய குரல். நம் ஆட்கள் பேசி அவர்கள் கேட்ட குரல் எவ்வளவு இருந்திருக்கும்? வெற்றிலை மடித்தவர்களை இப்போது குறை சொல்ல மனம் வரவில்லை. அதே பிரிவின் காமிராக்கள்தான் 1957-இல் மெர்டேக்காவையும் படம் பிடித்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியபோது விவரணப்படம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கிரியர்சனும் அப்போது தொலைக்காட்சியில்தான் இருந்தார். 1957 முதல் ஸ்காட்லாந்துத் தொலைக்காட்சியில் உலகத்து விவரணப்படங்களில் நல்ல பகுதிகளை எடுத்துக்காட்டி, தம் அபிப்பிராயத்தைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். பத்திரிகையில் எழுதிய வேலையையே முகம் காட்டிச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1972 பிப்ரவரி 19-இல் காலமானார்.

அவர் விமர்சனம் எழுதிய அந்த 'மோவானா' பேசாத படம் என்றேன் அல்லவா? படமெடுக்கப் போனபோது ஃப்ளாஹர்ட்டி தம் மனைவியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் சமோவாவுக்குக் கூட்டிப் போயிருந்தார். கடைக்குட்டி மோனிகா அப்போது சின்னக் குழந்தை. வளர்ந்து பெரியவளான அந்த அம்மாள் 1975-இல் ஒலிப்பதிவுக் கருவியோடு அதே தீவுக்குத் திரும்பிப் போனார். தீவாரின் பேச்சையும் பாட்டையும் அலையோசையையும் பதிவு செய்து வந்து தகப்பனாரின் படத்தோடு சேர்த்தார். வேலை முடிய 1980-ஆம் ஆண்டு வாக்கில் ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் வாய் மட்டும் அசைந்த குடும்பத்துக்குச் சொந்த மொழியிலேயே பேச்சு வந்தது.