மதுவின் தெய்வமும் ரோதைமுனியும்: வழிபாட்டில் மதுவின் சமூகப் பொருள்

வழிபடும் மாந்தரின் உழைப்பையும் உடைமை உறவுகளையும் விலக்கிவிட்டு ஒரு தெய்வத்தின் இயல்பை விளக்குதல் இயலாது. மதுவோடு தொடர்புடைய வழிபாடுகள் இதற்குத் தக்க சான்றாகும். உரோமரின் பாக்கஸ் வழிபாட்டையும் மலையகத் தோட்டங்களின் முனி வழிபாட்டையும் அவ்வகையில் ஒருங்கு வைத்து நோக்குவோம்.

கிரேக்கரின் தயோனிசஸே உரோமரிடத்துப் பாக்கஸ் எனப் பெயர் பெற்றான். இத்தாலிய மண்ணுக்குரிய லீபர் என்னும் தெய்வத்தோடு ஒன்றுபடுத்தவும் பட்டான். லீபர், லிபெரா, தானியத் தெய்வமான சீரிஸ் ஆகிய மூவருக்கும் கி.மு. 493இல் அமைந்ததாக மரபு கூறும் அவென்ரைன் கோயில், பிளெபியர் எனப்பட்ட பொதுமக்களின் நிலைக்களனாக விளங்கியது. கி.மு. 186இல் செனற் சபை பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களைக் கடுமையாக ஒடுக்கிற்று. அவ்வாணை பொறித்த வெண்கலப் பட்டயம் இன்றும் உள்ளது. அது குடித்தலைத் தடுக்கவில்லை. வழிபடுவோர் பொதுநிதி வைத்தலையும், தம்முள் சூளுரை கொள்ளலையும், அனுமதியின்றி ஐவருக்கு மேற்பட்டோர் கூடுதலையுமே தடுத்தது. ஆளும் வர்க்கம் அஞ்சியது வெறியாட்டத்தினை அன்று, அமைப்பினை என்பது தெளிவு.

தமிழர் வழிபாட்டில் மது பிறிதொரு நிலையில் அமைந்தது. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்று 56ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. ஆயின் அது அரசனுக்குரிய நுகர்பொருள். நடுகல்லுக்குத் தோப்பிக் கள்ளும் ஆட்டுப்பலியும் படைத்தமையை அகநானூற்று 35ஆம் பாடல் காட்டும். இங்கு மது தெய்வமன்று. காவல் வேண்டித் தெய்வத்துக்கு அளிக்கப்படும் பங்கு.

இம்மரபே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்தது. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கையும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும் கொணர்ந்த தொழிலாளர், மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் உடன்கொண்டு வந்தனர். எனினும் பழையன பெயர்ந்து வந்தமையோடு வரலாறு நின்றுவிடவில்லை. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் புதிய உற்பத்தி முறை புதிய தெய்வங்களையும் தோற்றுவித்தது. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி. தொழிற்சாலையின் எந்திரச் சக்கரத்துக்கு ரோதைமுனி. சேவலும் சாராயமும் சுருட்டும் இத்தகைய காவற்றெய்வங்களுக்குரிய படையல்கள். கத்தியும் எந்திரமும் கையைக் கொள்ளைகொள்ளக்கூடிய இடத்திலேதான் இத்தெய்வங்கள் நிற்கின்றன. எனவே ரோதைமுனியை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் எனல் பொருந்தாது. அவர் தோட்ட முதலாளித்துவத்தின் குழந்தை.

சாராயத்துக்கு மறுமுகமும் உண்டு. சாராயக் குத்தகை குடியேற்ற அரசுக்கு வருவாய் தந்தது. குத்தகைக்காரர் ஈட்டிய இலாபம் சுதேச முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத் திரட்சிக்கு எத்துணை உதவிற்று என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளிவந்த தமது நூலில் நிறுவியுள்ளார். அம்மூலதனத்தின் ஒரு பகுதி தோட்டங்களிலும் இடப்பட்டது. தோட்டம் கொடுத்த கூலியைத் தவறணை மீட்டுக்கொண்டது. பீடத்தில் சாராயம் படைத்துப் பகிரப்படுவது. தவறணையில் அது விற்பனைப் பண்டம்.

இவ்வேறுபாட்டைச் சுட்டுவது படையலைப் போற்றுவதாகாது. பாக்கஸ் சடங்குகள் முதலில் பெண்களுக்கே உரியனவாய் இருந்தன என்பர் லிவி. மலையகத்திலோ கவ்வாத்து ஆண்களின் வேலை. அதனோடு இயைந்த மதுப்படையலும் அவர்களைச் சார்ந்ததே. கொழுந்து பறித்தவள் பெண். அவளது கூலியைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. தவறணையின் கணக்கில் அவள் உழைப்பும் கரைந்தது.

சாராயப் படையலை அநாகரிகம் எனக் கூறி, முனியை ஆகம நெறிக்குள் அடக்க முயலும் சீர்திருத்தவாதிகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பீடத்துக் குப்பியைக் கண்டு நாணுவோர் தவறணையின் கல்லாப்பெட்டியைக் கண்டு நாணுவதில்லை. சக்கரத்தின் அச்சமும் கூலியின் போதாமையும் உள்ளவரை ரோதைமுனிக்கு வேலை இருக்கும். அவற்றை நீக்குவது பூசகரால் ஆகும் காரியமன்று. தொழிலாளரின் ஒன்றுபட்ட இயக்கத்தாலேயே ஆகும்.