எருசலேம் தூதரகச் சட்டம், 1995

இசுரேலில் உள்ள ஐக்கிய அமெரிக்கத் தூதரகத்தை டெல் அவீவிலிருந்து எருசலேமுக்கு மாற்றுவதற்காக அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய சட்டம் இது. 1995 அக்டோபர் 24 அன்று செனட் அவையில் 93–5, பிரதிநிதிகள் அவையில் 374–37 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதிபர் பில் கிளின்டன் கையொப்பமிடவில்லை, தடுப்பதிகாரத்தையும் பயன்படுத்தவில்லை. இத்தனை பெரும்பான்மை இருந்தபோது தடுத்தும் பயன் இருந்திருக்காது. கையொப்பம் இன்றியே நவம்பர் 8 அன்று இது நடைமுறைக்கு வந்தது.

1947ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் பிரிவினைத் திட்டம் எருசலேமைப் பன்னாட்டு நிருவாகத்தின் கீழ் வைக்கக் கருதியது. 1948 போரில் நகரம் இரண்டாகியது. மேற்குப் பகுதி இசுரேலிடமும் கிழக்குப் பகுதி யோர்தானிடமும் இருந்தன. 1967 போரில் கிழக்கையும் இசுரேல் கைப்பற்றியது. 1980இல் முழு நகரமும் தன் தலைநகரம் என இசுரேல் சட்டம் இயற்றியபோது, பாதுகாப்பு அவை 478ஆம் தீர்மானத்தின் மூலம் அங்கிருந்த தூதரகங்களை வெளியேறக் கோரியது. அமெரிக்கா அதில் வாக்களிக்கவில்லை. கிழக்கு எருசலேமைத் தங்கள் வருங்காலத் தலைநகராகப் பாலத்தீனர் கருதுகின்றனர். நகரின் நிலையை இறுதிப் பேச்சுவார்த்தையில் முடிவு செய்வதாக ஒசுலோ உடன்பாட்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில்தான் இச்சட்டம் வந்தது.

1999 மே 31க்குள் தூதரகம் எருசலேமில் திறக்கப்பட வேண்டும். இல்லையேல் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான வெளியுறவுத் துறை நிதியில் பாதி நிறுத்தப்படும் என்றது சட்டம். ஆனால் அதன் 7ஆம் பிரிவு, தேசியப் பாதுகாப்பு நலனைக் காரணம் காட்டி அந்த நிதித்தடையை ஆறு மாதம் தள்ளிவைக்க அதிபருக்கு இடமளித்தது. சட்டத்தின் உண்மையான வாழ்க்கை இந்த ஒரு பிரிவில்தான் இருந்தது எனலாம். கிளின்டன், புஷ், ஒபாமா மூவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் இதைப் பயன்படுத்தினர்.

இதற்கிடையே, அயல்நாட்டு ஆட்சியுரிமையை அங்கீகரிக்கும் அதிகாரம் அதிபருக்கே உரியது என 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எருசலேமில் பிறந்தோரின் கடவுச்சீட்டில் பிறப்பிடத்தை 'இசுரேல்' எனக் குறிக்க வழிசெய்த வேறொரு சட்டம் பற்றிய வழக்கு அது.

2017 டிசம்பர் 6 அன்று அதிபர் டொனால்டு டிரம்ப் எருசலேமை இசுரேலின் தலைநகராக அங்கீகரித்தார். வியப்பு என்னவெனில், இடமாற்றத்துக்குக் காலம் தேவைப்பட்டதால் அவரும் அதே வேளையில் விலக்காணையில் கையொப்பமிட்டார். பாதுகாப்பு அவையில் 14 நாடுகள் எதிர்த்தன. அமெரிக்கா தன் தடுப்பு வாக்கால் அத்தீர்மானத்தை வீழ்த்தியது. பொதுச்சபையில் எதிர்ப்புத் தீர்மானம் 128–9 என நிறைவேறியது. இந்தியாவும் அதை ஆதரித்தது.

2018 மே 14 அன்று, அர்னோனா பகுதியில் ஏற்கெனவே இருந்த துணைத் தூதரகக் கட்டடமே தூதரகமாகத் திறக்கப்பட்டது. அதே நாளில் காசா எல்லைப் போராட்டத்தில் 50க்கும் மேற்பட்ட பாலத்தீனர் இசுரேலியப் படையினரால் கொல்லப்பட்டனர். பாலத்தீனருடனான தொடர்புகளைக் கவனித்து வந்த எருசலேம் துணைத் தூதரகம் 2019 மார்ச்சில் இத்தூதரகத்துடன் இணைக்கப்பட்டது.