வந்தியின் பங்கும் குடிமராமத்தும்

வெள்ளம் புகுந்தபின் அதனைத் தடுக்க முயலுதல் அரிது. வருமுன் கரையைக் காத்தலே அறிவுடைமையாம். அக்காவல் ஒருவர் இருவரால் ஆவதன்று. ஊரவர் அனைவரும் தத்தம் பங்கினை ஏற்றாலன்றி அது முற்றுப்பெறாது. இவ்வுண்மையைச் சைவ நூல்களும் தமிழ்நாட்டு வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து 61-ஆவது படலம், மண் சுமந்த படலம். வையை பெருகிக் கரையை அழித்தகாலை, அதனை அடைக்கும் பணி மதுரைக் குடிகளுக்குப் பங்கிடப்பட்டது. ஆள்வலி உடையார் தம் பங்கை அடைத்தனர். பிட்டு விற்று வாழும் வந்தி என்னும் முதியாட்கோ ஒரு துணையுமில்லை. அவள்பொருட்டுச் சோமசுந்தரப் பெருமானே கூலியாளாய் எழுந்தருளிப் பிட்டினைக் கூலியாகக் கொண்டார். அப்பங்கு அடைபடாமை கண்டு பாண்டியன் ஓச்சிய பிரம்படி எல்லா உயிர்கள்மேலும் பட்டது. ஒரு பங்கு குறைபடின் வெள்ளம் அப்பங்கினர் மனையோடு நில்லாது. ஊர் முழுதும் புகும். ஒருவர்மேற் பட்டது அனைவர்மேலும் படும் என்னும் நுட்பம் கரைகாவலுக்கும் பொருந்துவதன்றோ?

இனிக் கல்வெட்டுக்களை நோக்குவோம். முதற் பராந்தக சோழன் காலத்தனவாகிய உத்தரமேரூர்ச் சாசனங்கள் கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடவோலை வாயிலாக வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியத்தார் அறுவர். அவர் பணிக்காலம் 360 நாள். ஏரி உடைந்தபின் கூடுவோராக அன்றி, ஆண்டு முழுதும் அதனைப் பேணுவோராக அவர் அமைந்தனர் என்க. எனினும், நிலமும் கல்வியும் உடையாரே அவ்வாரியத்துக்கு உரியராயினர். கூடை சுமப்பார்க்கு ஆண்டு இடமில்லை. இக்குறையையும் மறைத்தல் முறையன்று.

குடிகள் தாமே கூடி ஏரி, கால்வாய்களைச் செப்பனிடும் இவ்வழக்கம் பிற்காலத்திற் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் இடர் நேர்ந்தவிடத்து அயலிலுள்ள வலிய உழைப்பாளரைப் பணிக்கு அழைக்கும் உரிமையை அதிகாரிகட்கு அளித்தது. வழக்கமான மராமத்து உழைப்பையும் சட்டக் கடமையாக்கியது. ஆயினும், ஆணையால் உடலைக் கரைக்குக் கொணரலாம். அன்பைக் கொணர்தல் இயலாது.

2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையை வெள்ளம் சூழ்ந்தகாலை, மீனவர் தம் படகுகளைத் தெருக்களிற் செலுத்தி அறிமுகமில்லாரையும் மீட்டனர். எவர் ஆணையையும் எதிர்நோக்காது எழுந்த தொண்டு அது. 2017-இல் அரசினர் குடிமராமத்துப் பெயரால் ஏரிகளைச் செப்பனிடும் பணியைத் தொடங்கினர். பெயர் மீண்டது நன்றே. பங்குணர்ச்சியும் உடன் மீளல் வேண்டும்.

ஆவணி மூலந்தோறும் மதுரையிற் பிட்டுத் திருவிழா நிகழ்கின்றது. ஒவ்வோர் ஊரிலும் முதியோர், நோயுற்றோர், தனித்தோர் என வந்தியர் பலர் உளர். மழைக்கு முன்னரே அவர்தம் பங்கினை ஏற்பார் யாவர் என்று அயலார் கூடித் துணிந்து வைத்தலே, அத்திருவிளையாடலை வழிபடும் நெறியாம்.