கட்டியவர் காணாத பேராலயம்

ஆலயத்தில் கூடிச் செபிப்பவர் பலர். அதைக் கட்டிய கைகளை நினைப்பவர் சிலரே. அடிக்கல்லை மந்திரித்த ஆயரின் பெயரும் நன்கொடையாளர் பெயரும் கல்வெட்டில் இடம்பெறும். வரைபடம் தீட்டியவர் பெயரை நாம் பெரும்பாலும் தேடுவதில்லை. ஆகவே இந்த யூபிலி மலரில் ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்க்கையைப் பங்கு மக்களுக்கு எடுத்துக் கூற விழைகிறேன். இலண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தை எழுப்பிய ஜான் பிரான்சிஸ் பென்ட்லியே அவர்.

இளமையும் மனமாற்றமும்

பென்ட்லி 1839-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூரின் பழம்பெரும் புனித ஜார்ஜ் ஆலயம் 1853-இல் தீக்கிரையானது. சிறுவன் பென்ட்லி அவ்வாலயத்தின் உருவை அச்சாகச் சிறு மாதிரியாகச் செய்து வைத்திருந்தான். புகழ்பெற்ற கில்பர்ட் ஸ்காட் அதை மீண்டும் கட்டத் தொடங்கியபோது, பையன் எந்நேரமும் வேலை நடக்குமிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

தந்தையோ மகனை மான்செஸ்டரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்த்தார். அங்கே அவன் மனம் ஒட்டவில்லை. 1855-இல் இலண்டனில் ஒரு கட்டடக் காண்ட்ராக்டரிடம் தொழில் பயிலச் சென்றான். அவனது திறமையைக் கண்டுகொண்ட முதலாளி, ஹென்றி கிளட்டன் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் அவனைச் சேர்த்துவிட்டார். கிளட்டன் கத்தோலிக்க மறையைத் தழுவியவர்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் தடைகள் பெருமளவில் நீங்கியது 1829-இல்தான். பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அந்நாட்டில் மறைமாவட்டங்களை மீண்டும் ஏற்படுத்தியது 1850-இல். அத்தகைய சிறு மந்தையில்தான் பென்ட்லி தாமாகவே வந்து சேர்ந்தார். 1862-இல் கர்தினால் வைஸ்மன் அவருக்கு ஞானஸ்நானம் வழங்கினார். அன்றுமுதல் ஜான் என்ற தம் பெயருடன் பிரான்சிஸ் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

சிறு பணிகளில் முப்பது ஆண்டுகள்

கிளட்டன் அவரைத் தம்முடன் பங்காளியாக இருக்க அழைத்தார். பென்ட்லி அதை ஏற்காமல் தனியாகத் தொழில் தொடங்கினார். பெரிய வேலைகள் எளிதில் வரவில்லை. மற்றக் கலைஞர்களுக்காக உலோக வேலைப்பாடுகளும், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும், பூத்தையல் மாதிரிகளும் வரைந்து கொடுத்தார். இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியிலுள்ள ஐந்துகாய பிரான்சிஸ் ஆலயத்தில் ஞானஸ்நான மண்டபமும் பீடமும் அமைத்தார். ஹாமர்ஸ்மித் குருமடம், வாட்ஃபோர்டு திருச்சிலுவை ஆலயம் ஆகியன அவர் கைவண்ணமே. பிரிக்ஸ்டன் பகுதியில் 1886-இல் அவர் தொடங்கிய ஆலயமோ பணமின்மையால் பீடப் பகுதியோடு நின்றுபோயிற்று.

வெளிச்சம் படாத இந்த முப்பது ஆண்டுகளை வீண் என்று எண்ணிவிடலாகாது. ஒரு விளக்கின் கொக்கியும், பீடத்துக் கிராதியும் எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூடத் தாமே வரைந்து பார்த்தவர் அவர். பின்னால் வரவிருந்த பெரும்பணிக்கு இச்சிறு பணிகளே பயிற்சிக்கூடமாயின.

சிறைச்சாலை நின்ற இடத்தில் பேராலயம்

1865-இல் இறந்த கர்தினால் வைஸ்மனின் நினைவாக ஒரு பேராலயம் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக இருந்துவந்தது. கர்தினால் மானிங் 1884-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு நிலத்தை வாங்கினார். முன்பு அங்கே ஒரு சிறைச்சாலை இருந்தது. 1892-இல் பேராயரான கர்தினால் வான் கட்டும் பணியைக் கையில் எடுத்தார்.

கட்டடக் கலைஞரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பேசப்பட்டது. போட்டியில் கலந்துகொள்ள பென்ட்லி மறுத்துவிட்டார். எனினும் 1894-இல் வேலை அவரையே வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது 55.

இங்கே ஒரு சோதனை எழுந்தது. பென்ட்லி வாழ்நாளெல்லாம் கோத்திக் பாணியிலேயே ஊறியவர். கூர்முனை வளைவுகளும் வானளாவிய தூண்களும் கொண்ட பாணி அது. கர்தினாலோ அதை விரும்பவில்லை. கோத்திக் ஆலயம் கட்டினால் அருகிலேயே நிற்கும் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அபேயோடு ஒப்பிடப்படும்; செலவும் காலமும் மிகும். மக்கள் எல்லாரும் பீடத்தைப் பார்க்கக்கூடிய அகன்ற கூடம் வேண்டும். கட்டடத்தை விரைவில் முடித்து, அலங்காரத்தைப் பின்னர் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆதித் திருச்சபையின் பசிலிக்காவையே மாதிரியாகக் கொள்ள விரும்பினார். பென்ட்லி தம் சொந்த விருப்பத்தை ஒதுக்கிவைத்தார். குவிமாடங்கள் கொண்ட பைசாந்தியப் பாணியை எடுத்துரைத்தார்.

தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் வெட்கப்படவில்லை. 1894 நவம்பரில் இத்தாலிக்குப் புறப்பட்டு, உரோமை, இராவென்னா, வெனிஸ் முதலிய நகர்களின் பழைய ஆலயங்களை மாணவனைப்போல் பார்வையிட்டார். கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் போக எண்ணியிருந்தார். அங்கே காலரா பரவியிருந்ததால் இயலவில்லை. அந்நகரின் புகழ்பெற்ற புனித சோபியா ஆலயத்தைப் புத்தகத்தின் வழியே கற்றுக்கொண்டார். 1895 ஜூன் 29, புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆலயத்தின் நீளம் ஏறத்தாழ 360 அடி. நடுக்கூடத்தின் அகலம் 60 அடி. மணிக்கூண்டின் உயரம் சிலுவையோடு 284 அடி. ஒரு கோடியே 25 இலட்சம் செங்கற்கள் செலவாயின. நடுக்கூடத்தின்மேல் மூன்று குவிமாடங்களும் பீடத்தின்மேல் ஒன்றும் காங்கிரீட்டால் அமைக்கப்பட்டன. அவற்றுள் இரும்புக் கம்பிகளைச் சேர்க்க பென்ட்லி உடன்படவில்லை. உரோமையர் கட்டிய மாடங்கள் இரும்பின்றியே நூற்றாண்டுகளாய் நிற்பதை அவர் அறிவார். பளிங்குத் தூண்கள் கிரேக்க நாட்டின் தெசாலியிலிருந்து வர வேண்டியிருந்தன. 1897-இல் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் மூண்ட போரினால் அவையும் தாமதமாயின.

முடிவும் தொடக்கமும்

1898 நவம்பரில் பென்ட்லியைப் பக்கவாதம் தாக்கியது. 1900-இல் பேச்சும் தடுமாறியது. ஆயினும் பணியை விடவில்லை. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் தனது தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்க முன்வந்த வேளையில், 1902 மார்ச் 2-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். எஞ்சிய வேலையை அவருடைய உதவியாளர் ஜான் மார்ஷல் ஏற்று நடத்தினார். கர்தினால் வானும் மறு ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். புதிய பேராலயத்தில் நடந்த முதல் பெரும் சடங்குகளுள் ஒன்று அவருடைய அடக்கத் திருப்பலியே. கடன் தீராத ஆலயத்தை அபிஷேகம் செய்ய அக்காலத்தில் திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே அபிஷேகம் 1910 ஜூன் 28 வரை காத்திருந்தது.

பென்ட்லி ஒரு பெரும் கேள்வியையும் விட்டுச் சென்றார். சுவர்களின் கீழ்ப்பகுதியில் பளிங்கும், மேலே மொசாயிக் என்னும் வண்ணக்கல் ஓவியமும் பதிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். ஆனால் அந்த ஓவியங்களுக்கு அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் மிகச் சிலவே. பின்வந்தோர் அவர் மனத்தை ஊகித்தே செய்ய வேண்டியிருந்தது. 1930-களில் பீடத்துக்குப் பின்புறம் தொடங்கிய ஓவிய வேலை கலைஞர்களின் எதிர்ப்பினால் அகற்றவும்பட்டது. நடுக்கூடத்துக் குவிமாடங்கள் இன்றுவரை அலங்காரமின்றிக் கருத்த நிறத்தோடே நிற்கின்றன.

அது குறையா? 1982-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2010-இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரும் அந்த இருண்ட மாடங்களின் கீழேதான் திருப்பலி நிறைவேற்றினர். மேலே இருள் சூழ்ந்திருப்பதால் பீடத்தின் ஒளி இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்று கூறுவோரும் உண்டு.

ஆலயம் ஒரு தலைமுறையின் சொத்தன்று. ஒருவர் நிலம் வாங்குகிறார். ஒருவர் சுவர் எழுப்புகிறார். வேறொருவர் கடனை அடைக்கிறார். யாரும் முழுமையைக் காண்பதில்லை. பென்ட்லி தம் பங்கைப் பழுதின்றிச் செய்தார். மிச்சத்தைப் பின்வருவோரிடம் விட்டார். நமக்கு முன்னிருந்தோர் நம்மிடம் விட்டுச்சென்ற மிச்சம் எது என்பதை யூபிலி ஆண்டில் நாமும் சிந்திப்போமாக.