பம்பாயின் வாடகை அறைகள்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் இங்கிலாந்துக்கு அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டு, பம்பாய் வர்த்தகர்களிடம் செல்வம் வெள்ளமாய்ப் பெருகிய நாளில், 1864-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரின் ஜனத்தொகை 8 லட்சத்து 16 ஆயிரத்தை எட்டியது. அந்தப் பெருக்கம் நிலைக்குமென்று நம்பி நிலத்திலும் பங்குகளிலும் தனத்தை முடக்கியவர்கள் பலர், மறு ஆண்டு யுத்தம் ஓய்ந்து பருத்தி விலை சரிந்ததும் நிலைகுலைந்தனர். 1872-ல் ஜனத்தொகை 6 லட்சத்து 44 ஆயிரமாகக் குன்றிவிட்டது.

பஞ்சாலைகளை நாடி வந்த ஜனங்களின் வரவோ வேறு தன்மையது. விளைச்சல் போதாத ரத்னகிரிக் கிராமங்களிலிருந்து, மனைவி மக்களை ஊரிலேயே விட்டுப் புறப்பட்ட ஆடவர்கள், பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைக்கு நடந்து செல்லும் தூரத்திலேயே தங்க வேண்டியிருந்தமையால், ஒற்றை அறைகளை வரிசையாக அடுக்கிச் 'சால்' எனப்படும் கட்டடங்களை அங்கே எழுப்பியோருக்குக் குடியிருக்க வருவோர் குறையவில்லை. ஓர் அறையைப் பலர் பங்கிட்டுக்கொண்ட அவலமே அந்த லாபத்தின் அஸ்திவாரம் என்பதை எண்ணுகையில் மனம் கனக்கிறது. 1896-ல் பிளேக் பரவியபோது ஜனங்கள் திரள் திரளாக ஊர் திரும்பினர். ஆயினும் ஆலைகள் இருந்தவரையில் அறைகள் மீண்டும் நிரம்பின.

பின்னர், 1947-ஆம் ஆண்டுச் சட்டம் 1940-ல் நிலவிய வாடகையையே அளவாக விதித்துவிட, ஜனத்தொகை இடையறாது பெருகியபோதும், தனவந்தர்கள் வாடகைக்கு வீடு கட்டுவதை விடுத்து, கட்டிய வீடுகளைத் தனித்தனியே விற்பதையே நாடலாயினர்.