பிடுங்கிய இருக்கைகள்

வோல்டேரின் கதையை வைத்துப் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'கான்டீட்', 1956இல் பிராட்வேயில் தொடங்கி 73 காட்சிகளோடு நின்றுபோயிற்று. பழி லில்லியன் ஹெல்மனின் பிரதி மேல் விழுந்தது. இசை இசைத்தட்டில் பிழைத்துக் கிடந்தது. 1973 இறுதியில் ஹெரால்ட் பிரின்ஸ் புரூக்ளினில் செல்சீ தியேட்டர் குழுவுக்காக அதை மறுபடி எடுத்தபோது ஹ்யூ வீலர் புதுப் பிரதி எழுதினார். ஆனால் உண்மையான திருத்தம் மேடையமைப்பாளர் யூஜீன் லீயுடையது என்றே எனக்குப் படுகிறது.

கான்டீட் ஊர் ஊராக விரட்டப்படுகிறவன். படச்சட்ட மேடையில் ஒவ்வோர் ஊரையும் காட்சி மாற்றி இழுத்துவர வேண்டும். அங்கதத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? லீ மேடையையே கலைத்துவிட்டார். சிறு மேடைகள், சாய்தளங்கள், பாலங்கள். நடுவே ஸ்டூல்களில் பார்வையாளர்கள். அவன் ஓடும் பக்கமெல்லாம் இவர்களும் திரும்பியாக வேண்டும்.

இதே லீதான் 1969இல் இதே குழு நடத்திய பராக்காவின் 'ஸ்லேவ் ஷிப்'புக்காக அரங்கினுள் கப்பலைக் கட்டியவர். அங்கே நெருக்கம் குற்றச்சாட்டு, இங்கே கேளிக்கை. பார்வையாளனை அருகில் உட்காரவைப்பதே புரட்சி என்போர் இதை யோசிக்கலாம்.

1974 மார்ச்சில் நாடகம் பிராட்வே தியேட்டருக்குப் போயிற்று. இருக்கைகளைப் பிடுங்கி உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார்கள். 740 காட்சிகள், மேடையமைப்புக்கு டோனி பரிசு, பிரான் லீயோடு சேர்த்து. இருந்தும் நஷ்டம். 13 பேர் வாசிக்க அமைத்த இசைக்கு, பெரிய அரங்கு என்று சொல்லி, இசைக்கலைஞர் சங்கம் 25 பேரைக் கேட்டது. அந்தச் சம்பளத்தை ஈட்டியிருக்க வேண்டிய இருக்கைகளைத்தான் பிடுங்கியிருந்தார்கள்.